மூலை கத்தரித்த எக்ஸ்ரே

போன மாதம் முழங்கால் வலிக்குப் படம் எடுக்க ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போயிருந்தேன். படம் எடுத்த பெண் ஏதோ ஒரு பொத்தானைத் தட்டினாள். திரையின் மூலையில் வலது, இடது என்பதற்கான எழுத்து தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏன் சார் சிரிக்கிறீங்க?" என்றாள். இந்த ஒரு எழுத்தால் வேலை போகப் பார்த்தவன் நான் என்றேன். அவள் விடவில்லை. அடுத்து இரண்டு பேர் காத்திருக்கும்போதே கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "இதை எழுதிக் கொடுங்க சார், எங்க சங்கத்து மலர்ல போடுவோம்" என்றாள். முழங்கால்தான் தேய்ந்திருக்கிறதே தவிர வாய் தேயவில்லை. எழுதுகிறேன்.

என் சொந்த ஊர் காரைக்கால் பக்கம் வரிச்சிக்குடி. வயல்தான் குடும்பத்துக்கு. எனக்கு மட்டும் சேறு என்றால் ஆகாது, அதனால் தஞ்சாவூரில் எக்ஸ்ரே வேலை பழகினேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இருட்டறையில் நின்று நின்று வெளுத்துப்போய் ஊர் திரும்பினேன். எழுபதுகளின் பிற்பகுதியில் காரைக்காலில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் தற்காலிக ஊழியனாகச் சேர்ந்தேன். அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை, பெயரும் வேண்டாம்.

அங்கே அறுவை மருத்துவர் டாக்டர் அமலோர். பிரெஞ்சுக் காலத்துப் பழக்கத்தில் பழைய ஆட்கள் அவரை 'முசே', அதாவது ஐயா, என்பார்கள். ஒல்லியான மனிதர், சைக்கிளில்தான் வருவார், காதில் எப்போதும் ஒரு பென்சில். அவரிடம் ஒரு விசித்திரம் உண்டு. கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். சாதாரணமாக நான் 'கலியமூர்த்தி'. கொஞ்சம் கோபம் என்றால் 'மிஸ்டர் கலியமூர்த்தி'. 'மரியாதைக்குரிய கலியமூர்த்தி அவர்களே' என்று ஆரம்பித்தால் அன்றைக்கு நான் செத்தேன்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்த முழுப் பட்டமும் எனக்குக் கிடைத்தது. படம் எடுக்கும்போது ஃபிலிம் பெட்டியின் ஓரத்தில் ஈயத்தில் செய்த ஒரு எழுத்தை வைப்போம். எந்தப் பக்கம் வலது, எந்தப் பக்கம் இடது என்று படத்திலேயே விழுந்துவிடும். தஞ்சாவூரில் நான் பழகியது ஆங்கில எழுத்து. இங்கே தகர டப்பாவில் இருந்ததோ பிரெஞ்சுக் காலத்து எழுத்துகள். 'டி' என்றால் வலது, 'ஜி' என்றால் இடது. எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நெஞ்சில் நீர் கோத்த ஒரு பெரியவருக்கு எழுத்தை மாற்றி வைத்துவிட்டேன். நல்ல வேளை, டாக்டர் ஊசியை ஏற்றும் முன் முதுகில் விரலால் தட்டிப் பார்த்தார். மத்தளம் போல ஒலிக்க வேண்டிய பக்கம் மரக்கட்டை போலவும், மரக்கட்டை பக்கம் மத்தளம் போலவும் ஒலித்தது. என்னைக் கூப்பிட்டார்.

"மரியாதைக்குரிய கலியமூர்த்தி அவர்களே, உங்களுக்குச் சோத்தாங்கை எதுன்னு தெரியுங்களா?"

தெரியும் என்று கையைத் தூக்கிக் காட்டினேன். பக்கத்தில் நின்ற சிஸ்டர் அகத்தா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். யார் வந்தாலும், "சாப்பிடுற கை எது, தூக்குங்க" என்பேன். தூக்கிய கைப் பக்கம் 'டி'யை வைப்பேன். இடது கைப்பழக்கக்காரர்கள் கூட சோற்றுக்கு வலது கைதான் என்பதால் இது தப்பாது.

டாக்டருக்குத் திட்டியது மனசில் உறுத்தியிருக்க வேண்டும். அன்று சாயங்காலம் இருட்டறை வாசலில் வந்து நின்று, நான் ஃபிலிம் கழுவுவதைப் பார்த்துக்கொண்டே ஒரு கதை சொன்னார். அந்தக் காலத்து ரோமாபுரியில் ஒரு பெரிய வைத்தியர் இருந்தாராம். மனிதப் பிணத்தை அறுக்கக்கூடாது என்று தடை. அதனால் குரங்கையும் பன்றியையும் அறுத்துப் பார்த்து, மனித உடம்பு இப்படித்தான் என்று புத்தகம் புத்தகமாக எழுதி வைத்துவிட்டார். ஆயிரம் வருஷத்துக்கு மேல் அதுதான் வேதம். பிறகு பிணத்தை அறுக்க அனுமதி வந்தும் ஆசிரியர் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைப் படிப்பார். கீழே நாவிதர் ஒருவர் அறுத்துக் காட்டுவார். புத்தகத்தில் கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்றிருக்கும். கண்ணெதிரே ஒரே எலும்பு கிடக்கும்.

"அப்ப என்ன சொல்வாங்க?" என்றேன்.

"புத்தகம் சரிதான், அந்தக் காலத்துக்கப்புறம் மனுஷன் ஒடம்புதான் மாறிப்போச்சும்பாங்க!" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். "கடைசியில ஒரு எளவட்டப் பய நாற்காலிய விட்டு எறங்கி வந்தான். தானே கத்தியப் புடிச்சான். கண்டத வரைஞ்சான். எங்க எது இருக்குன்னு தெரிஞ்ச பொறவுதான் கலியமூர்த்தி, வெட்டுனா பொழைக்க வைக்க முடிஞ்சுது. அதுக்கு முன்னால வெட்டுனா சாவுதான்."

நம் நாட்டிலும் பழைய வைத்தியர்கள் பிணத்தைப் புல்லால் சுற்றி ஆற்று நீரில் ஊற வைத்து, தோலை மெல்ல உரசி உரசி உள்ளே பார்த்தார்கள் என்றும் சொன்னார். நம் ஆட்களுக்குப் பொறுமை அதிகம். உயிரோடு இருப்பவனை அறுக்காமலே உள்ளே பார்க்க வந்ததுதான் உன் எக்ஸ்ரே என்று முடித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் கதையின் சாரம் மண்டையில் ஏறவில்லை என்பது அடுத்த வருஷம் தெரிந்தது.

அடுத்த பங்குனியில் பட்டினச்சேரியிலிருந்து சிங்காரவேலு என்ற மீனவர் இருமலுக்காக வந்தார். முப்பது வயது இருக்கும், கதவு நிலையை அடைக்கும் உடம்பு. கூடவே மனைவி அஞ்சலை. சோத்தாங்கையைத் தூக்கச் சொல்லி, 'டி'யை வைத்து, "மூச்ச நல்லா இழுங்க, அப்படியே புடிங்க" என்று நெஞ்சுப் படம் எடுத்தேன்.

அப்போது ஃபிலிம் கழுவுவது சமையல் மாதிரி. மருந்துத் தண்ணீர் சூடானால் ஃபிலிம் பாயசமாகிவிடும். காரைக்கால் வெயிலில் சூடாகாமல் என்ன செய்யும்? அதற்காக மீனுக்கு ஐஸ் போடும் ஐஸ் கம்பெனியிலிருந்து கட்டி வாங்கி, தொட்டியைச் சுற்றிப் போடுவேன். என் இருட்டறையில் எப்போதும் லேசாக வஞ்சிர வாசம் அடிக்கும். சிவப்பு விளக்கில் ஐந்து நிமிடம் மருந்தில், ஒரு முங்கு தண்ணீரில், பிறகு படம் அழியாமல் நிற்க வைக்கும் ஹைப்போ கரைசலில். அன்று ஹைப்போவிலிருந்து தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். இருதயத்தின் நிழல் 'டி' இருந்த பக்கம் சாய்ந்திருந்தது.

இருதயம் வலப்பக்கம் இருக்குமா? யாராவது கேட்டால் சிரிக்க மாட்டார்களா? மறுபடியும் எழுத்தை மாற்றி வைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கையைத் தூக்கச் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனாலும் அவர் எந்தக் கையைத் தூக்கினார், நான் எந்தப் பக்கம் நின்றேன் என்று யோசிக்க யோசிக்க எல்லாம் குழம்பியது. நிரந்தரம் ஆக்கச் சொல்லி என் பெயர் நிர்வாகத்துக்குப் போயிருந்த சமயம். இன்னொரு முறை 'மரியாதைக்குரிய' என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. இன்னொரு படம் எடுக்கவும் பயம், ஃபிலிமுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். ஃபிலிமைத் திருப்பிப் போட்டேன். எல்லாம் புத்தகத்தில் இருப்பது போல அழகாக அமைந்தது. 'டி' இருந்த மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். எதிர் மூலையில் வெள்ளை மையால் 'டி' என்று எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். நான் ஒரு முழு இருதயத்தையே மறைத்தேன்.

டாக்டர் பார்த்தார். நுரையீரலில் காசம் இல்லை என்றார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டு, 'இருதயம் சரி' என்று சீட்டில் எழுதி, இருமல் மருந்து கொடுத்து அனுப்பினார்.

ஆனி மாதம் மாங்கனித் திருவிழா வந்தது. ஊரே மாம்பழ வாசம். வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழத்தை இறைப்பார்கள், கீழே கூட்டம் எம்பி எம்பிப் பிடிக்கும். அதற்கு இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும், சிங்காரவேலுவை இரண்டு பேர் தோளில் தாங்கிக்கொண்டு வந்தார்கள். வயிற்று வலி. காய்ச்சல் வேறு.

"பதினோரு பழம் புடிச்சேன் டாக்டரு," என்றார் முனகிக்கொண்டே. "ஒண்ணுகூட வீணாக்கல."

"பதினொண்ணையும் தனியாவே தின்னுச்சுங்க," என்றாள் அஞ்சலை. "எனக்குக் கொட்டைதான் குடுத்துச்சு."

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். வலி இடப்பக்கம் அடிவயிற்றில். கையை எடுக்கும்போது இன்னும் அதிகமாகத் துடித்தார். டாக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கடித்தார்.

"இதே வலி வலப்பக்கம் இருந்தா குடல்வால்னு இந்நேரம் கத்திய எடுத்திருப்பேன்," என்றார் சிஸ்டர் அகத்தாவிடம். "இடப்பக்கம்னா சிறுநீரகக் கல்லா இருக்கலாம். ஒரு படம் எடுத்துப் பாப்போம். வலிக்கு ஊசி போட்டு, நெறைய தண்ணி குடிக்கச் சொல்லி, திங்கக்கிழம வரைக்கும் பாக்கலாம்."

சிங்காரவேலுவை நிற்க வைத்து வயிற்றுப் படம் எடுத்தேன். வலியிலும் சோத்தாங்கையைத் தூக்கினார். அந்தக் கையில் முருகன் என்று பச்சை குத்தியிருந்ததைப் பார்த்தேன். அந்தப் பக்கம் 'டி'யை வைத்து, நகராமல் பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன். படத்தைக் கழுவித் தூக்கினேன். கல் எதுவும் தெரியவில்லை. ஆனால் வேறொன்று தெரிந்தது. இரைப்பையின் மேல் பகுதியில் எப்போதும் கொஞ்சம் காற்று நிற்கும். படத்தில் அது இடது விலாவுக்குக் கீழே கருப்புக் குமிழியாகத் தெரியும். இங்கே குமிழி முருகன் பக்கம் இருந்தது. வலப்பக்கம் வெளுப்பாக இருக்க வேண்டிய கல்லீரல் இடப்பக்கம் போயிருந்தது.

ஈர ஃபிலிம் சொட்டச் சொட்ட அலமாரிக்கு ஓடினேன். பங்குனி மாதப் படத்தைத் தேடி எடுத்தேன். மூலை இல்லாத படம். அந்த மனிதரின் உடம்பு பிறவியிலேயே இடம் வலமாக மாறி அமைந்திருக்கிறது. இருதயம் மட்டுமல்ல, எல்லாமே. அப்படியானால் குடல்வாலும் இடப்பக்கம்தானே இருக்கும்? திங்கட்கிழமை வரை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால் அது உள்ளேயே வெடித்துவிடும். ஆள் போய்விடுவார்.

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம். என் மடியில் அந்தப் படம். சொல்லாமல் இருக்க ஒரு வழி இருந்தது என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். புதுப் படத்தை மட்டும் டாக்டரிடம் கொடுத்துவிட்டு, பழைய படத்தை ஐஸ் சாக்குக்கு அடியில் போட்டுவிடலாம். ஆனால் குமிழி எந்தப் பக்கம் என்று கல்லைத் தேடும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று என்ன கட்டாயம்? பழைய படத்தையும் சேர்த்து வைத்தால்தான் சந்தேகமே இருக்காது. இரண்டையும் எடுத்துக்கொண்டு போனேன்.

"டாக்டர், பங்குனியில இவர் படத்த நாந்தாங்க கத்தரிச்சேன். இருதயம் வலப்பக்கம் விழுந்துது. நம்ம தப்புன்னு நெனச்சுத் திருப்பி எழுதிட்டேன். எழுத்து தப்பில்லிங்க. ஆளே அப்படித்தாங்க."

டாக்டர் இரண்டு படங்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெட்டிய மூலையை விரலால் தடவினார். நான் 'மரியாதைக்குரிய' வருவதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். வரவில்லை. கண்ணைத் திறந்தால் டாக்டர் கட்டிலருகே இருந்தார். சிங்காரவேலுவின் வலது மார்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி வாய் பிளந்து நின்றார்.

"அடடடா! இங்க அடிக்குதுய்யா! சிஸ்டர், வாங்க, கைய வச்சுப் பாருங்க!"

பிறகு ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்து அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். "பங்குனியில நான் இடப்பக்கந்தான் வச்சுக் கேட்டேன். கேட்டுச்சுன்னு வேற எழுதியிருக்கேன். தூரத்துல லேசாத்தான் கேட்டிருக்கும். எங்க இருக்கணும்னு படிச்சேனோ அங்க கேட்டுட்டேன்." என் பக்கம் திரும்பினார். "ஒசந்த நாற்காலியில நாம ரெண்டு பேருமே ஒக்காந்திருந்திருக்கோம் கலியமூர்த்தி. எறங்குவோம். தியேட்டரத் தயார் பண்ணச் சொல்லுங்க."

தயாராகும் நேரத்தில் அவர் செய்ததை என்னால் மறக்க முடியாது. அவரிடம் அப்பா காலத்து உடற்கூறுப் புத்தகம் ஒன்று உண்டு, பிரெஞ்சில், தலையணை கனம். வயிற்றுப் படம் இருந்த தாளை மட்டும் பிரித்து, ஜன்னலில் வெயிலுக்கு எதிரே பிடித்து, தாளின் பின்பக்கத்திலிருந்து பார்த்தார். வெளிச்சத்தில் படம் இடம் வலமாக மாறித் தெரிந்தது. பென்சிலால் காற்றில் இரண்டு மூன்று முறை வெட்டிப் பார்த்துக்கொண்டார். "இந்தப் புத்தகத்துல இவரு இல்லேன்னு யாரு சொன்னது? பின்னாலேருந்து பாத்தா இருக்காரு," என்றார்.

என்னையும் அங்கி மாட்டி உள்ளே வரச் சொன்னார். "நீங்க மறைச்சத நீங்களே பாருங்க." முதுகில் ஊசி போட்டதால் சிங்காரவேலுவுக்கு நெஞ்சுக்குக் கீழேதான் மரத்திருந்தது, வாய் மரக்கவில்லை. வழக்கமாக மேஜையின் வலப்பக்கம் நிற்கும் டாக்டர் அன்று இடப்பக்கம் போனார். கருவித் தட்டு எதிர்ப்பக்கம் நின்றுவிட்டது. பதினைந்து வருஷப் பழக்கத்தில் சிஸ்டர் அகத்தா கத்தியை ஆளில்லாத பக்கம் நீட்டினார். அதை எடுக்க நீண்ட டாக்டரின் கையும் சிஸ்டரின் கையும் நடுவில் முட்டிக்கொண்டன. இருவருக்கும் சிரிப்பு.

"என்னங்க டாக்டரு, உள்ள மாம்பழமா இருக்கு?" என்றார் சிங்காரவேலு திரைக்கு அந்தப் பக்கமிருந்து.

டாக்டர் தோலைக் கீறி, தசையை வெட்டாமல் நார் நாராக விலக்கி, விரலை உள்ளே விட்டார். கண்ணை மூடிக்கொண்டு தேடினார். நான் வேளாங்கண்ணி மாதாவையும் எங்கள் ஊர் ஐயனாரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டேன். மெதுவாக விரலை மடக்கி வெளியே கொண்டுவந்தார். குடல்வால். சுண்டுவிரல் தடிமனுக்கு வீங்கி, சிவந்து, நுனியில் கருக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் வெடிக்கவில்லை.

"சாயங்காலம் வரைக்கும் தாங்கியிருக்காது," என்றார் சிஸ்டர் அகத்தா.

டாக்டர் அடியில் கட்டி, வெட்டி எடுத்துத் தட்டில் போட்டார். முகமூடிக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. அது சிரித்தது. "டேய் கலியா, பாருடா!" என்றார். மரியாதை மொத்தமும் போயிருந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் என் கல்யாணத்தன்று கூட அனுபவிக்கவில்லை. என் மனைவி இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

வெளியே வராந்தாவில் அஞ்சலை நின்றாள். டாக்டர் போய், ஆள் பிழைத்துவிட்டார் என்று முதலில் சொன்னார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பெரிய அதிசயத்தைச் சொல்லும் குரலில், "ஒண்ணு சொல்றேன், பயப்படாதீங்க. ஒங்க வீட்டுக்காரருக்கு இருதயம் வலப்பக்கம் இருக்கு," என்றார்.

அஞ்சலை அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அது தெரிஞ்சதுதானே. கல்யாணம் ஆன நாளா அந்தப் பக்கந்தான் தல வச்சுப் படுக்குறேன். இந்தப் பக்கம் சத்தமே வராது."

டாக்டர் அவளையே திருப்பிக் கேட்டார். "இத ஏம்மா பங்குனியிலயே சொல்லல?"

"நீங்க கேக்கலியே டாக்டரு. ஆம்பளைங்களுக்கு எல்லாம் அங்கதான் இருக்கும்னு நெனச்சேன். நான் வேற யாரு நெஞ்சுல காத வச்சுப் பாத்தேன்?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயாளிகள் உட்பட அன்று சிரிக்காதவர் இல்லை. பத்தாம் நாள் சிங்காரவேலு நடந்து வீட்டுக்குப் போனார். அடுத்த வாரம் கூடை நிறைய இறால் வந்தது. வீடு போன எட்டாவது நாளே படகேறியதற்காக அவருக்கு டாக்டரிடமிருந்து 'மரியாதைக்குரிய சிங்காரவேலு அவர்களே' கிடைத்தது.

ஆனால் எனக்கு உள்ளுக்குள் உதைப்புதான். படத்தைத் திருத்தியவனை யார் நிரந்தரமாக்குவார்கள்? கேஸ் ஷீட் நிர்வாகக் கமிட்டிக்குப் போனதும் தெரியும். ஆடி போனது, தீபாவளி போனது. தை மாதம் ஆணை வந்தது, நிரந்தரம் என்று. மூச்சு வாங்க டாக்டரிடம் ஓடினேன். கமிட்டிக்குத் தெரியாமல் மறைத்துக் காப்பாற்றியதற்கு நன்றி என்றேன்.

"நான் எதையும் மறைக்கலயே," என்றார். "அந்த வேலைய ஒரு தடவ நீங்க பாத்தது போதும். போய் ஷீட்டப் படிங்க. அதப் படிச்சுட்டுத்தான் ஆர்டர் போட்டிருக்காங்க."

பதிவறையில் தேடி எடுத்தேன். பென்சில் எழுத்து மாதிரியே மெலிந்த கையெழுத்தில், அறுவை விவரங்களுக்குக் கீழே எழுதியிருந்தார்:

'நோயாளியின் இருதயம் வலப்பக்கம். படத்தைத் திருத்தியவரும், தானே வந்து சொன்னவரும் எக்ஸ்ரே கலியமூர்த்தி. கேட்காததைக் கேட்டதாக எழுதியவன் நான். முதலில் கண்டுபிடித்தவர், நோயாளியின் மனைவி அஞ்சலை.'